எழுத்தாணி முதல் கணினி வரை
மட்டக்களப்பு வாவிக்கரையிலே எழுத்துத் தொழில் கடந்த வழி

ஈழத்தின் கீழ்கரையிலே வடக்குத் தெற்காய் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி நம் நிலத்தை இரண்டாக வகுத்து நிற்கின்றது. ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. நெல்லும் பாலும் தேனும் படுவான்கரையின் செல்வம். பெரிய பள்ளிக்கூடமும் கச்சேரியும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையின் செல்வம். ஆதலினாலே படுவான்கரைப் பிள்ளைகள் கல்வியைத் தேடி ஓடத்திலும் பாதையிலும் வாவியைக் கடந்து வந்தனர். மண்முனைத் துறையிலே பாதை ஓடிய காலம் போய்ப் பாலம் வந்தது 2014ஆம் ஆண்டிலேதான். பாலம் வந்த பின்னும் கடக்க வேண்டிய வேறொரு வாவி இருக்கின்றது. அதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தேன். இளைஞர் படிக்க வேண்டும் என்பதற்காக மட்டுமன்று, பெரியோரும் பொறுமையோடு படிக்க வேண்டும் என்பதற்காகவும் இதனை வரலாறாகவே சொல்கின்றேன்.

கணினி அறிவு என்பது ஏதோ நேற்று வானத்திலிருந்து விழுந்த புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். உண்மை அஃதன்று. எழுதும் கருவி மாறுந்தோறும் எழுதிப் பிழைப்போரின் தொழிலும் மாறியிருக்கின்றது. இந்த மாற்றம் நம் வாவிக்கரைக்கு நாலாவது ஐந்தாவது முறையாக வந்திருக்கின்றது.

முதலில் ஏட்டைச் சொல்வோம். வைகாசி பிறந்தால் நம் கண்ணகை அம்மன் கோயில்களிலே கதவு திறந்து, சடங்கு நடந்து, வழக்குரை ஏடு படிக்கப்படும் வழக்கம் எல்லோரும் அறிந்ததே. அந்த ஏடுகளை எழுதினோர் யார்? பனையோலையை வாரி, அவித்து, உலர்த்தி, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கட்டி, எழுத்தாணியாற் கீறி, கீறிய இடத்திலே கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் எழுத்துக் கறுத்துத் தோன்றும். ஓலை அழியும் பொருள். கறையான் அரிக்கும்; மாரிக்காலத்து ஈரம் கெடுக்கும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் இருந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதியாக வேண்டும். இந்தத் தொழிலைக் கற்ற கை ஊருக்கு ஒன்றோ இரண்டோதான்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும், கிழியும். ஆதலால் ஏடெழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. குற்றெழுத்து எகரமும் நெட்டெழுத்து ஏகாரமும் ஒன்று போலவே இருக்கும். காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். படிப்பவர் பொருளறிந்து, ஓசையறிந்து, புள்ளியைத் தம் மனத்திலே இட்டுக்கொண்டு படிக்க வேண்டும். எழுத்தைத் தெரிந்தவன் எல்லாம் ஏட்டைப் படித்துவிட முடியாது. இந்தப் புள்ளியை நினைவில் வைத்திருங்கள்; இது பின்னரும் வரும்.

1814ஆம் ஆண்டிலே வெசுலியன் மெதடித்த சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்தார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். இருந்த சில மாதங்களிலே அவர் இட்ட வித்துத்தான் இன்றைய மெதடித்த மத்திய கல்லூரி. 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றிற்று. காகிதமும் மைக்கூடும் இறகுப் பேனையும் பள்ளிக்கூடத்தோடு வந்தன. அவற்றோடு ஆங்கிலமும் வந்தது. ஆங்கிலத்தோடு உத்தியோகமும் வந்தது. ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளே நெடுங்காலம் இயங்கிய நம் கச்சேரியிலே இலிகிதராய் அமர்வதே ஒரு குடும்பத்தின் பேறு என்று எண்ணப்பட்டது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று நம் பாட்டன்மார் சொன்னது விளையாட்டுக்கன்று. ஏடெழுதிய கை அந்தக் கச்சேரியிலே மதிப்புப் பெறவில்லை. அவர் மகன் இலிகிதரானான். மகனுக்கு ஏடு படிக்கத் தெரியாது போயிற்று. ஒரு தொழில் வந்தபோது மற்றொன்று போயிற்று. அந்தக் காலத்திலே இதனைப் பற்றி யாரும் அழுததாகத் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பிடித்த ஒருவர் நம்மிடையே தோன்றினார். அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காரைதீவிலே 1892இல் மயில்வாகனன் என்னும் பெயரோடு பிறந்து, பின்னாளிலே சுவாமி விபுலானந்தராய் விளங்கியவரைச் சொல்கின்றேன். அவரைத் தமிழ்ப் பேராசிரியராகவும் யாழ்நூல் ஆசிரியராகவும் துறவியாகவும் நாம் போற்றுகின்றோம். சிலை எடுத்திருக்கின்றோம், ஆண்டுதோறும் மாலை இடுகின்றோம். ஆனால் அவர் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்றுத் தேறியவர் என்பதை நம் மேடைகளிலே யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 1916ஆம் ஆண்டிலே அவர் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒரே ஆண்டில் இரண்டு! அந்தத் தொழினுட்பக் கல்லூரியிலேயே இரசாயனத் துறையில் உதவியாசிரியராய் இருந்து, பின்னர் யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்பித்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகி, 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திலே சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டார்.

இத்தனை மாற்றங்களுக்கும் இடையிலே அவர் விடாது பிடித்த கொள்கை ஒன்றுண்டு. விஞ்ஞானத்தைத் தமிழ்ப் பிள்ளை தமிழிலேயே கற்க இயல வேண்டும் என்பது அது. இயல வேண்டுமாயின் சொல் வேண்டும். 1936இல் சென்னையிலே கலைச்சொல்லாக்கத்திற்கெனக் கூடிய மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அந்தப் பணியின் பயனாகக் கலைச்சொற்கள் 1938இல் நூலாக வெளிவந்தன. பௌதிகம், இரசாயனம், கணிதம், தாவரம் முதலிய துறைகளுக்கெல்லாம் சொல் செய்தனர். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. வாவிக்கும் கடலுக்கும் இடையே மணல் மேட்டிலே அமைந்த அந்தப் பள்ளிக்கூடத்திலே படித்தவர்கள் பலர் இன்றும் நம் சங்கத்திலே இருக்கின்றனர்; அவர்களைக் கேட்டறிக. யாழ்நூலை எடுத்துப் பார்த்தாலும் பாதி கணக்காகவே இருக்கும். சுரங்களின் இடைவெளியை எண்ணாலே அளந்து காட்டிய நூல் அது. இசை தெரிந்தோர் கணக்குப் பகுதியிலே தயங்குவர். கணக்குத் தெரிந்தோர் இசைப் பகுதியிலே தயங்குவர். 1947ஆம் ஆண்டு யூன் மாதம் அந்நூல் அரங்கேறியது. யூலையிலே சுவாமிகள் மறைந்தார்.

சொல்லைச் செய்து வைத்ததனால் விளைந்த நன்மையை நாம் இன்று அனுபவிக்கின்றோம். 1950களிலே அரசகரும மொழித் திணைக்களம் தமிழிற் சொற்றொகுதிகள் வெளியிட்டபோது வெறும் நிலத்தில் வீடு கட்ட வேண்டியிருக்கவில்லை. இன்று பள்ளிக்கூடத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை தரவு, நிரல், வலையமைப்பு, கடவுச்சொல் என்று இயல்பாகப் பேசுகின்றது. கணினி என்பதா கணனி என்பதா என்று ஒரு காலத்திலே நம் நாட்டிலே பெரிய சண்டை நடந்தது. பொறியைத் தொடாதவர்களே அதிலே உரக்கப் பேசினர் என்பது என் எண்ணம்.

இனித் தட்டெழுத்துப் பொறிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே 1886இல் பிறந்து, 1907இல் சிங்கப்பூர் சென்று, அங்கே ஒரு வணிக நிலையத்திலே எழுதுவினைஞராய் இருந்த இ. முத்தையா என்பவரே தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்தவர். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து; தமிழுக்கு 247. இவ்வளவு எழுத்தையும் ஒரு பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எங்ஙனம்? அவர் எழுத்துக்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். கொம்பு வேறு, கால் வேறு, மெய் வேறு. புள்ளிக்கும் விசிறிக்கும் மட்டும் ஒரு தந்திரம் செய்தார். சாதாரண விசையைத் தட்டினால் காகிதம் ஓர் எழுத்து அகலம் நகரும். இந்த விசைகளைத் தட்டினால் நகராது. ஆகவே முதலிலே புள்ளியைத் தட்டு. காகிதம் அங்கேயே நிற்கும். அதன்பின் ககரத்தைத் தட்டு. புள்ளி தலையிலே அமர்ந்த மெய்யெழுத்து வந்துவிடும். ஏடெழுதியவர் இட இயலாது விட்ட புள்ளியை இரும்புப் பொறி எழுத்துக்கு முன்னதாகவே இட்டது! செருமனியிலே செய்யப்பட்ட அப்பொறிகள் 1930களிலே தமிழுலகிற்குப் பரவின.

யானும் தட்டெழுத்துக் கற்றவன். பெயர் வேண்டாம், நகரத்திலே ஒரு மாடியிலே ஆறு பழைய பொறிகளை வைத்து ஒருவர் வகுப்பு நடத்தினார். விசைகளின் மேலே ஒரு துணியைக் கட்டிவிடுவார். கண்ணாற் பார்க்கக் கூடாது, விரல் அறிய வேண்டும். மூன்று மாதம் ஏ, எஸ், டி, எஃப் என்று ஒரே வரியைத் தட்டினோம். ஆங்கிலப் பொறி ஐந்து. தமிழ்ப் பொறி ஒன்று. தமிழ்ப் பொறிக்கு முன்னே அமர ஒருவரும் விரும்பார். ஆங்கிலத்துக்குத்தான் வேலை என்று எல்லோருக்கும் எண்ணம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. ஆங்கிலத்தை நம்பிக் கற்ற விரல்கள் ஒரே நாளிலே பழையனவாயின. தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளுக்கான சட்டம் 1958இலும் அதன் விதிகள் 1966இலும் வந்தன; தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பிலே எழுதப்பட்டது 1987இல். இடையிலே எத்தனை எழுதுவினைஞர்கள் உயர்வின்றி ஓய்வு பெற்றனர் என்பதை வீட்டுக்கு வீடு கேட்டால் தெரியும்.

அரசியலை விடுத்து வேறொன்று சொல்கின்றேன். வாழைச்சேனையிலே 1950களின் நடுவிலே காகித ஆலை எழுந்தது. நம் வயல்களிலே எரித்துச் சாம்பலாக்கிய வைக்கோல் அங்கே காகிதமாயிற்று. வண்டி வண்டியாய் வைக்கோல் போகும்; பள்ளிக் கொப்பியாய்த் திரும்பி வரும். அந்த ஆலை நலிந்தபோது அதனை நம்பியிருந்த குடும்பங்கள் பட்ட துன்பத்தைக் கோறளைப்பற்றுப் பெரியோர் அறிவர். காகிதம் செய்யத் தெரிந்த கைகளுக்கு வேறொரு தொழிலைக் கற்பித்தோர் எவரும் இலர். தொழில் மாறும் காலத்திலே கற்பிப்பவர் இன்மைதான் பெரிய வறுமை.

அச்சுக்கூடத்து அச்சுக்கோப்போரின் கதையும் அதுவே. ஈயத்தாலான எழுத்துக்களை அறை அறையாய்ப் பெட்டியிலே இட்டு, ஒவ்வொன்றாய் எடுத்துத் தலைகீழாய்க் கோத்த அந்தக் கைவண்ணம் நம் கண்முன்னே மறைந்துபோயிற்று. நம்முடைய வரலாற்று நூல்கள் அவர்களின் விரல்களாலேதான் நமக்குக் கிடைத்தன. எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் ஏடுகளைக் கொண்டு பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், வித்துவான் வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் வெளிவந்தமை அந்த ஈய எழுத்துக்களாலேயே. கணினி அச்சுக்கோப்பு வந்தபோது சில அச்சுக்கோப்போர் துணிந்து புதிய விசைப்பலகையின் முன்னே அமர்ந்தனர். அவர்களே நல்ல தட்டெழுத்தாளராயினர். ஏனெனில் எழுத்துப் பிழையை அவர்கள் கண் தூக்கத்திலும் கண்டுபிடிக்கும். அமராதவர்கள் வீட்டுக்குப் போயினர்.

கணினி முதலிலே நம்மிடம் வந்தபோது பாமினி என்னும் எழுத்துருவோடு வந்தது. கச்சேரி முதற் கலியாண அழைப்பிதழ் வரை எல்லாம் பாமினி. இந்த எழுத்துருவிலே ஒரு மறைவான குறை உண்டு. தமிழ் என்று நாம் தட்டுவோம்; திரையிலே தமிழ் என்றே தெரியும். ஆனால் பொறியின் வயிற்றுக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஆங்கிலக் குறிகளே. அவற்றின் மேலே தமிழ் எழுத்தின் முகமூடியை மாட்டியிருக்கின்றோம். முகமூடி இல்லாத வேறொரு கணினியிலே திறந்தால் உள்ளே இருக்கும் ஆங்கிலக் குப்பை வெளியே தெரியும்.

இதன் பயனை நம் சங்கமே அனுபவித்தது. பழைய ஆண்டு மலர் ஒன்றின் கட்டுரைகளை மீண்டும் அச்சிட எண்ணி, பாதுகாத்து வைத்த இறுவட்டைத் திறந்தோம். 80 பக்கமும் ஆங்கிலக் கிறுக்கல். நம் மூத்த உறுப்பினர் ஒருவர், எல்லாம் அழிந்துவிட்டது, இனி ஒருவரை இருத்தி முழுவதையும் மறுபடி தட்டச் செய்ய வேண்டும், அதற்கு இவ்வளவு பணம் என்று கணக்கே எழுதிவிட்டார். உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி பின்வரிசையிலே இருந்து எழுந்து, “ஐயா, இது அழியேல்லை. பாமினியை ஒருங்குறிக்கு மாத்தினாச் சரி” என்றான். அரைமணி நேரத்திலே 80 பக்கமும் தமிழாய் நின்றன. அழிந்தது என்று ஒருவர் நம்பியதும், அழியவில்லை என்று ஒருவன் அறிந்ததும் ஒரே பொருளைப் பற்றித்தான்.

ஒருங்குறி என்பது உலகத்து மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்து வைத்திருக்கும் ஏற்பாடு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதிலே ககரம் எந்த நாட்டுப் பொறியிலும் ககரமே. நம் நாட்டிலே ரெங்கநாதன் விசைப்பலகை ஒழுங்கு பழக்கத்திலே இருக்கின்றது. தமிழ்நாட்டிலே 1999இல் தமிழ் 99 என்னும் ஒழுங்கு வகுக்கப்பட்டது. பழைய தட்டெழுத்தாளர்களுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் உண்டு. இரும்புப் பொறியிலே புள்ளி முதலில், மெய் பின்னர். ஒருங்குறியிலே மெய் முதலில், புள்ளி பின்னர். கெ என்று எழுதுங்கால் கண்ணுக்குக் கொம்பு முன்னே நிற்கும்; பொறிக்குள்ளே ககரமே முன்னே நிற்கும். சொன்னால் ஐந்து நிமிடத்திலே விளங்கும் செய்தி இது. யாரும் சொல்லாமையினாலே எனக்கு விளங்க ஓராண்டு சென்றது.

அரசினர் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் முறையன்று. 2003இலே தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைந்தது. 2005 முதல் நெனசல என்னும் கணினி நிலையங்கள் நாடெங்கும், கோயில்களிலும் நூலகங்களிலுங்கூட, திறக்கப்பட்டன. அந்தத் திட்டம் 2014இலே உலகப் பரிசொன்றும் பெற்றது. ஆனால் 2004 திசெம்பர் 26இல் கடல் கொண்டுபோன கல்லடி, நாவலடிக் கரைகளும், 2007 வரை போர் நடந்த படுவான்கரையும் அப்போது கணினியைப் பற்றி நினைக்கும் நிலையில் இல்லை. வீடு இல்லாதவனுக்கு விசைப்பலகை எதற்கு?

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவை ஆண்டுதோறும் அளந்து வந்தது. 2021ஆம் ஆண்டின் முதற் பாதியிலே 5 வயது முதல் 69 வயது வரையுள்ளோரில் 100க்கு 34 பேரளவினர் கணினி அறிந்தோர் என்று கண்டனர். எப்படி அளந்தனர் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒருவர் தாமாகக் கணினியைப் பயன்படுத்தினாற் போதும். ஐந்து வயதுக் குழந்தை விளையாட்டு விளையாடினாலும் அது அறிந்தோர் கணக்கிலே சேரும். இந்த அளவுகோலைக் கொண்டே மூன்றில் இரு பங்கினர் வெளியே நிற்கின்றனர் என்றால், விண்ணப்பம் நிரப்பவும் கணக்குப் பதியவும் கடிதம் வரையவும் வல்லோர் எத்துணைச் சிலர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டு யூலை மாதம் இந்த அறிவின் விலை நம் எல்லோருக்கும் தெரியவந்தது. எரிபொருள் இல்லை. சிறுபோக அறுவடைக்காலம் நெருங்கி நிற்கின்றது. எரிபொருள் வேண்டுமாயின் இணையத்திலே பதிந்து கியூஆர் குறி பெற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண், இவையெல்லாம் வேண்டும். 40 ஆண்டு வயல் செய்த ஒரு கமக்காரர், உழவு இயந்திரத்தின் பதிவுப் புத்தகத்தைத் துணியிலே சுற்றிக்கொண்டு வந்து கோயில் மடத்திலே நின்றார். அவருடைய அட்டையும் கடவெண்ணும் ஏற்கெனவே யாரோ ஒருவன் கையிலே போய்விட்டன. அவர் இலக்கத்திலே வேறொருவன் எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தான். தமக்கு வந்த எண்ணைப் பிறருக்குச் சொல்லக் கூடாது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. நம் இளைஞர் பத்துப் பேர் மூன்று நாள் அந்த மடத்திலே பாய் விரித்து இருந்து, வந்தவர்க்கெல்லாம் பதிந்து கொடுத்தனர். அந்தக் குறிமுறை 2023 செப்டெம்பரிலே நீக்கப்பட்டது. ஆனால் அன்று மடத்திலே நின்ற வரிசையை நான் மறக்கவில்லை. பதிந்து கொடுத்தோம், கற்பித்தோமா என்று நம் செயலாளர் பின்னர் ஒரு கூட்டத்திலே கேட்டார். ஒருவரும் விடை சொல்லவில்லை.

அந்தக் கேள்வியிலேதான் சனிக்கிழமை வகுப்புத் தொடங்கிற்று. நாலு பழைய கணினி. ஒன்று அடிக்கடி நின்றுவிடும். உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் வருகின்றனர். கட்டாருக்குப் போகவிருக்கும் தம்பிமார் ஒப்பந்தத்தைத் தாமே படிக்க வேண்டும் என்று வருகின்றனர். பெண் பிள்ளைகளே மிகுதி. அவர்களே ஒழுங்காகவும் வருகின்றனர். பெரியோருக்குத் தனி வரிசை இட்டோம். முதல் நாள் மூவர் வந்தனர், இப்போது பதினொருவர். கைபேசியிலே பேரப்பிள்ளையின் முகம் பார்க்கத் தெரிந்தாற் போதும் என்று வந்தவர்கள், வங்கிக் கணக்கைத் தாமே பார்க்கும் அளவுக்கு வந்திருக்கின்றனர். ஒருமுறைக் கடவெண்ணை மகனுக்குங்கூடச் சொல்ல மாட்டேன் என்று அந்தக் கமக்காரர் இப்போது உறுதியாய் நிற்கின்றார்; மகனுக்குத்தான் கோபம்.

படுவான்கரையிலிருந்து வரும் ஒரு முதியவரைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். அவர் கண்ணகை அம்மன் கோயிலிலே ஏடு படிப்பவர். வீட்டிலே பாட்டனார் எழுதிய ஏட்டுக் கட்டு ஒன்று இருக்கின்றது. ஓரம் பொடிந்து போகின்றது. புதிய ஓலையிலே எழுதப் பழகிய கை ஊரிலே இல்லை. ஆதலால் பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். அவர் ஏட்டை விரித்து வைத்துப் படிக்கின்றார். அவள் ஒருங்குறியிலே தட்டுகின்றாள். ஒரு வாரத்துக்கு மூன்று ஏடுதான் முடிகின்றது. ஏட்டிலே புள்ளி இல்லை அல்லவா? விசைப்பலகையிலே புள்ளி இருக்கின்றது. அவள் ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி, “அப்பப்பா, இதிலே புள்ளி போடவா, விடவா?” என்று கேட்கின்றாள். சில இடங்களிலே அவர் உடனே சொல்லிவிடுகின்றார். சென்ற சனிக்கிழமை ஓர் அடியிலே அவரே தயங்கினார். புள்ளியிட்டாலும் பொருள் வருகின்றது, விட்டாலும் பொருள் வருகின்றது. மற்றக் கோயிலின் ஏட்டையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று மூடிவைத்துவிட்டு, மாலை ஐந்து மணி பேருந்துக்கு இருவரும் எழுந்து போயினர்.